மொய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

வாழ்க்கைக் கதையை எழுதச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களே என்று நாம் நோட்டு வாங்குகிறோம். "இன்ன ஊரில் இன்னாருக்கு மூத்த மகனாகப் பிறந்தேன்" என்று எழுதுகிறோம். அத்தோடு நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. பிறப்பிலிருந்து தொடங்குவதில்தான் கோளாறு. நமக்கு நினைவே இல்லாத நாளைப் பற்றி எவ்வளவுதான் எழுத முடியும்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு பீரோவைத் திறங்கள். முதலில் எடுக்க வேண்டியது கல்யாண மொய் நோட்டு.

திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு என்பதால் எந்த வீட்டிலும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் வீட்டு நோட்டில் மேலே பிள்ளையார் சுழி, கீழே ஊர், பெயர், தொகை. இரண்டு ரூபாய் எழுதியவரும் இருக்கிறார், பித்தளைக் குடம் வைத்தவரும் இருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: என்ன உறவு, எந்த வழியில் வந்த உறவு, இன்று அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர்க்காரர்கள், மில் நண்பர்கள், பக்கத்துத் தோட்டத்தார் என்று பிரித்துக்கொண்டே போனால் பாதி வாழ்க்கை அதிலேயே வந்துவிடும். வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "நங்கையா அன்றைக்கு வரவே இல்லைங்க, சித்தோட்டுத் தம்பிதான் வந்து எழுதிவிட்டுப் போனார்" என்று திருத்துவதற்கு வேறு ஆள் கிடைக்காது. நோட்டில் வலது பக்கத்தை அவருக்கென்று காலியாக விடுங்கள்.

அடுத்தது தேதி. நம் வயதுக்காரர்களில் பலருக்குப் பிறந்த நாள் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் போட்டதுதான். சான்றிதழில் உள்ளதையும் ஜாதகத்தில் உள்ளதையும் இரண்டாகவே எழுதுங்கள். ஜாதகத்தில் விஜய வருடம் என்றிருந்தால் 1953. ஆனால் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) ஜாதகத்திலும் அதே விஜய இருந்தால் அது 1893. அறுபது வருடத்துக்கு ஒரு முறை பெயர் திரும்பி வரும், கவனம். இடப்பெயரும் அப்படித்தான். கோபிக்குப் பக்கம் எங்கள் ஊர். என் பள்ளிச் சான்றிதழில் கோயமுத்தூர் மாவட்டம், மகளுடைய பிறப்புச் சான்றிதழில் பெரியார் மாவட்டம், பேரனுடையதில் ஈரோடு மாவட்டம். ஊர் அசையவே இல்லை. 1979-ல் மாவட்டம் பிரிந்தது, பிறகு பெயரும் மாறியது. காகிதத்தில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைப் போடுங்கள்.

வருடம் நினைவில்லையா? ஊரறிந்த சம்பவத்தோடு ஒட்டிப் பாருங்கள். பவானிசாகர் அணை கட்டி முடித்தது 1955. நயா பைசா வந்தது 1957. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 மார்கழி. அன்று பஸ் ஓடாததால் எங்கே மாட்டிக்கொண்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வேலையைப் பற்றி எழுதும்போது "மில்லில் வேலை பார்த்தேன்" என்று முடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு ஷிப்டை எழுதினால் போதும், ஆனால் கை செய்ததையெல்லாம் எழுத வேண்டும். நான் ஸ்பின்னிங்கில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், இருந்தவன். ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அழுத்தி ஸ்பிண்டிலை (சுழலும் கதிர்) நிறுத்த வேண்டும். பாபினில் (நூல் சுற்றும் குழல்) நூல் நுனியைத் தேடியெடுத்து, டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையத்தில் கோத்து, முன் ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சு இழையோடு விரல் நுனியால் ஒட்டிவிட வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை. அதற்குள் நாலு ஸ்பிண்டில் தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். காதில் பஞ்சு, இமையில் பஞ்சு. சங்கு ஊதினால்தான் வெளியே வெயிலா மழையா என்று தெரியும். பண்ணையம் பார்த்தவர் என்றால் எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்ததை எழுதுங்கள்: எருதுகள் பின்னோக்கி நடந்தது, தண்ணீர் மொண்டு வந்த சால் கவிழ்ந்தது, வாய்க்காலில் தண்ணீர் திரும்பியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்காதது இதுதான். வாங்கிய பதக்கங்களுக்கு ஒரு வரி போதும்.

சம்பளத்தையும் விலைவாசியையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். பென்ஷன் தொகை அற்பமாக இருந்தாலும் எழுதுங்கள். படிப்பவனுக்குச் சுவாரசியமே அதுதான். ஓய்வுக்குப் பிந்தைய காலத்துக்கு நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சர்க்கரை அளவும் மாத்திரைப் பெயரும் யாருக்கும் வேண்டியதில்லை.

பாகப்பிரிவினையை எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். பத்திரத்தில் இருக்கும் தேதி, சர்வே எண், யாருக்கு எந்தக் காடு, கிணற்றில் யாருக்கு எத்தனை முறை, இவ்வளவு மட்டும். சந்தேகம் இருந்தால் வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று யார் என்ன பேசினார்கள் என்பதை எழுதவே கூடாது. பெரியவர்கள் விட்ட சண்டையைப் பேரன்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகப் போட்டோக்கள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். மடியில் இருக்கும் குழந்தை யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதில்தான் எல்லா வீட்டிலும் தகராறு வருகிறது.