அணைத்தாலும் திரும்ப எரியும் செக் எஞ்சின் லைட்: வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் செக் எஞ்சின் லைட் போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போகும்தான். நாலைந்து நாளில் திரும்ப வரும். பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் காரின் கம்ப்யூட்டர் லைட்டைப் போடும். அதனால்தான் இந்த இடைவெளி. லைட்டோடு சேர்ந்து கோளாறின் தடயமும் அழிந்துவிடுகிறது. ஆகவே எதையும் அழிக்காமல் ஆரம்பிப்போம்.

ஒரு எச்சரிக்கை: லைட் நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மினுக்கினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள், வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அது விலை கூடிய பொருள்.

1. கோளாறு எண்ணை (கோட்) படியுங்கள்

'இஎல்எம் 327' ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் 16 பின் கொண்ட ஓபிடி போர்ட்டில் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, ஆண்ட்ராய்டு போனில் 'கார் ஸ்கேனர்' போன்ற ஒரு ஆப்பில் இணையுங்கள். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவரும் ஸ்கேனரா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆப்பில் வரும் கோட் எண்ணை எழுதிக்கொண்டதும், 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பலரும் இதைத் திறப்பதே இல்லை. கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கூலன்ட் 30 டிகிரி என்றால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்த தப்பு. 90 என்றால் வண்டி நன்றாகச் சூடான பிறகு வந்தது. ஸ்பார்க் பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயில்களில், சூட்டில் மட்டும் மக்கர் செய்பவை நிறைய உண்டு.

2. இடம் மாற்றிப் பாருங்கள்

உதாரணத்துக்கு, பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் 'பி0302'. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். கடைசி எண்தான் சிலிண்டர். கோட் இடத்தைக் காட்டுமே தவிர, எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. உடனே நான்கு காயிலும் வாங்கிவிடாதீர்கள்.

எஞ்சின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் ஒயர்களை ஒரு பார்வை பாருங்கள். வண்டி வெளியில் நிற்கிறது என்றால் எலி கடித்திருக்க நல்ல வாய்ப்பு. அப்புறம் இரண்டாவது காயிலின் கனெக்டர் லாக்கை அழுத்திக் கழற்றி, போல்ட்டை எடுத்து (பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும்), காயிலை லேசாகத் திருகி மேலே இழுங்கள். ரப்பர் குழலில் பென்சில் கோடு போலக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால், கரன்ட் அந்த வழியாக ஒழுகுகிறது. குழலில் ஆயில் பிசுபிசுத்தால் எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

ஒன்றும் தெரியவில்லையா? சரி, அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டரிலும், மூன்றாவதை இதிலும் மாட்டுங்கள். இப்போது ஆப்பில் கோட் எண்ணை அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் பார்த்த அதே வேகத்தில், அதே சூட்டில் ஓட்டுங்கள்.

கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0302 ஆகவே வந்தால் பிளக்குகளை இதேபோல இடம் மாற்றுங்கள். கழற்றுமுன் குழியில் இருக்கும் தூசியைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் விழும். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய மரை கோணலாக ஏறினால் சிலிண்டர் ஹெட்டுக்கே செலவு.

பி0300 என்று வந்தால் இந்த வித்தை உதவாது. அது ஒரு சிலிண்டரோடு நிற்காத மிஸ்ஃபயர். பெட்ரோல் பிரஷர், இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு என்று தேட வேண்டும்.

3. சரியானதா என்று பாருங்கள்

லைட் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். சில நாள் ஓட்டிவிட்டு ஆப்பில் 'பென்டிங்' கோட் பகுதியைத் திறந்து பாருங்கள். லைட் வருமுன் தப்பு முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

காயிலும் பிளக்கும் மாற்றியும் கோட் இரண்டாவது சிலிண்டரை விட்டு நகரவில்லை என்றால் மிச்சம் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தமான கம்ப்ரஷன். அப்போது மெக்கானிக்கிடம் போங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, எதையெல்லாம் இடம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லி, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.