அன்றாட வேலைகளுக்கு நடுவே தையல்: பழைய கண்டாங்கியில் ஒரு குழந்தை விரிப்பு

தைக்க நேரமே கிடைப்பதில்லை என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வேலைக்கு நேரம் இல்லை? துணி வெட்டவா, மூட்டவா, இஸ்திரி போடவா, கரை மடிக்கவா? இவை எல்லாம் ஒரே வேலை இல்லை. வெட்டுவதற்கு அகலமான தரையும் தொந்தரவு இல்லாத ஒரு காலையும் வேண்டும். மூட்டுவதற்கோ தூணில் சாய்ந்து உட்கார இடம் இருந்தால் போதும். முழு மதியமும் ஓய்வாகக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும், ஊரில் திருவிழா வரும், விருந்தாளி வருவார்கள். துணி பீரோவிலேயே கிடக்கும்.

அதனால் வேலையைத் துண்டாக்கி, கிடைக்கிற நேரத்துக்கு ஏற்றதை எடுத்துச் செய்யும் முறையை இங்கே சொல்கிறேன். கையோடு ஒரு பொருளும் செய்துவிடலாம்: 36 இஞ்ச்சுக்கு 36 இஞ்ச்சில், 36 சதுரங்கள் சேர்த்த ஒரு குழந்தை விரிப்பு. கைத்தையலே போதும். மெஷின் இருந்தால் சில இடங்களில் வேலை சுருங்கும்.

1. துணியை எடுத்து வையுங்கள்

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் பழைய கண்டாங்கிக்கு, அதாவது கட்டம் போட்ட பருத்திச் சேலைக்கு, பஞ்சம் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி, புதிதாக இருக்கும்போது கனமாக இருக்கும். துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகும், குழந்தைக்கு அதுதான் சுகம். நல்ல சேலையில் கை வைக்காதீர்கள். கிழிந்தது, சாயம் மங்கியது என்று ஒதுக்கி வைத்ததை எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இழை நைந்த பகுதியை விட்டுவிடுங்கள். இரண்டு கையாலும் இழுத்தால் பிரிகிற துணி தையலைத் தாங்காது.

பருத்தியோடு பாலியஸ்டரைக் கலக்க வேண்டாம். புதுத் துணி சேர்ப்பதானால் முன்பே நனைத்துக் காயவையுங்கள், அப்புறம் சுருங்கினால் விரிப்பு முழுவதும் கோணும். அரக்கு, சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்களை நனைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். சரிகை, மணி, பொத்தான் எதுவும் குழந்தை விரிப்பில் கூடாது.

2. ஒரே காலையில் வெட்டி முடியுங்கள்

தொடர்ச்சியாக நேரம் ஒதுக்க வேண்டிய முதல் வேலை இது. அட்டையில் 6½ இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்குப் போக, உள்ளே 6 இஞ்ச் மிஞ்சும். கண்டாங்கியின் கட்டங்கள் இங்கே பெரிய உதவி. அட்டையின் ஓரத்தைக் கட்டத்தின் கோட்டோடு சேர்த்து வைத்தால் துண்டு தானாகவே இழைநேராக வரும். 36 துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே பென்சிலால் நான்கு கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் பிற்பாடு உங்கள் கண்ணுக்கும் கைக்கும் வேலையைக் குறைக்கும்.

இனி வரிசைக்கு ஆறு துண்டாக, ஆறு வரிசை தரையில் பரப்புங்கள். வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் (சதுரப் பூக்கல்) பதித்திருந்தால் கல்லின் கோட்டைப் பார்த்தே நேராக அடுக்கிவிடலாம். ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றிப் பாருங்கள். பிடித்த அமைப்பு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையையும் தனிக்கட்டாக நூலால் கட்டி, 1 முதல் 6 வரை எண் எழுதிய சீட்டைச் செருகுங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான்.

3. தையல் கொட்டான்

நேரத்தை உண்மையில் தின்பது தையல் இல்லை, தேடல். ஊசி ஒரு அறையில், கத்தரி இன்னொரு அறையில், நூல் எங்கே என்றே தெரியாது என்றால், கிடைத்த கால் மணி நேரமும் அதிலேயே போய்விடும். ஓலைக் கொட்டான், அதாவது பனை ஓலையில் பின்னிய கூடை, ஒன்றைத் தையலுக்கென்றே ஒதுக்குங்கள். அதற்குள் மூடி போட்ட சிறிய சம்புடம், அதில் ஊசிகள். கொட்டானின் இடுக்கு வழியாக ஊசி நழுவக்கூடும், பிள்ளைகள் ஓடும் வீட்டில் சம்புடம் கட்டாயம். கண்டாங்கியின் கனத்துக்கு 7 அல்லது 8-ஆம் எண் ஊசி சரியாக இருக்கும். கூடவே பருத்தி நூல், சின்னக் கத்தரி, அன்றைக்கு உரிய ஒரே ஒரு வரிசைக் கட்டு.

ஊசிகளில் நூலைக் கோத்து வைத்தே சம்புடத்தை மூடுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரே தடவை ஐந்தாறு ஊசி கோத்துவிட்டால், உட்கார்ந்த உடனே முதல் தையல் போடலாம். நூல் 18 இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும்.

4. ஒரு மூட்டுக்கு ஒரு இடம்

மணிக்கணக்கைப் பார்க்காமல் "ஒரு மூட்டு" என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சதுரங்களைச் சேர்க்கும் 6 இஞ்ச் தையலைப் புதியவர்கூடப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒரு வரிசைக்கு ஐந்து மூட்டு, ஆறு வரிசைக்கு முப்பது.

இந்த முப்பதையும் உங்கள் நாளில் எங்கே வைப்பது? குக்கர் விசில் வரும்வரை வேண்டாம், காதும் கையும் இரண்டு பக்கம் இழுக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கு, வாருங்கள். மேலே திறந்த முற்றத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் பென்சில் கோடும் இழையும் பளிச்சென்று தெரியும். நேர் வெயிலில் உட்காராமல் தூண் நிழலில் உட்காருங்கள். பழைய வீடு இல்லையா, ஜன்னலோரம் போதும். பிள்ளை டியூஷன் முடிந்து வரும்வரை வாசலில் காத்திருக்கும் நேரம், மின்தடை அறிவித்த பகல் பொழுது, டாக்டர் வீட்டு வரிசை எல்லாம் ஒரு மூட்டுக்கு உரியவை. பல்லவன் ரயிலில் சென்னை போகிறவர்களுக்கு ஒரு முழு வரிசையே முடிந்துவிடும். ஆனால் தேவகோட்டை பஸ்ஸில் தைக்காதீர்கள், ஒரு குலுக்கலில் ஊசி விரலில் ஏறும்.

விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடாதே என்று ஆச்சிமார் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் கண்ணுக்கு அது நல்ல விதி. இரவில் நூல் சுற்றுவது, நாளைய கட்டை எடுத்து வைப்பது மட்டும் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மூட்டாக ஈடுகட்ட முயலவும் வேண்டாம். அப்படித்தான் தையல் சுமையாகிறது.

5. மூட்டும் விதம்

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று பார்க்க வைத்து, கோட்டின்மேல் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிக்கொண்டே போவது) போடுங்கள். இஞ்ச்சுக்கு ஏழெட்டுத் தையல். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு தையல் பின்னால் போய்த் திரும்பி வந்தால் முடிச்சு அவிழாது. நடுவில் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் கோட்டின்மேல்தான் ஊசி வருகிறதா என்று பாருங்கள். மெஷினில் தைப்பவர்கள் ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியைச் செருகிக்கொண்டே போகலாம். கடைசியில் தோரணம்போல் வருவதைக் கத்தரித்துக்கொள்ளலாம்.

ஆறு வரிசையும் முடிந்ததும் இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கம், அடுத்ததை இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டு மூலைகள் பொருந்தும். இந்த ஐந்து நீளத் தையலையும் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுங்கள்.

6. அடுக்கி ஓட்டுதல்

நம் வெயிலுக்கு உள்ளே பஞ்சு வேண்டியதில்லை. ஒரு பழைய எட்டு முழ வேட்டி போதும்: அடித்துணிக்கு 39 இஞ்ச் சதுரம், நடுத்துணிக்கு 36½ இஞ்ச் சதுரம். அடித்துணியைச் சுருக்கம் இல்லாமல் தரையில் விரித்து, மேலே நடுத்துணி, அதற்குமேல் மூட்டிய துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டு மூன்றையும் பிடித்துவிடுங்கள்.

இனி மறுபடியும் சின்ன நேரங்களின் வேலை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி மூன்று துணியும் பிடிக்கும்படி ஓட்டுத் தையல். நடுச் சதுரங்களில் தொடங்கினால் துணி குவியாது. ஒரு நாளைக்கு ஒரு சதுரம்.

7. கரை

வெளியே நீட்டியிருக்கும் அடித்துணியைப் பாதியாக மடித்து, இன்னொரு மடிப்பில் மேல்பக்கம் கொண்டுவந்து ஹெம்மிங் செய்யுங்கள். தற்காலிகத் தையலைப் பிரித்தெடுத்து, சம்புடத்தில் ஊசிகளை எண்ணிச் சரிபாருங்கள். விரிப்பு முழுவதையும் உள்ளங்கையால் அழுத்தித் தடவி, எதுவும் குத்தவில்லை என்று பார்த்த பிறகு, தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள்.