சொலிட் மெக்கானிக்ஸ் ஆய்வுக்குப் போக விரும்பினால், முதலில் ஒரு அடிமட்டத்தை வளைத்துப் பாருங்கள்

ஒலுவிலிலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் படித்துக்கொண்டு, பிறகு கலாநிதிப் பட்டம், விரிவுரையாளர் வேலை என்று நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கான குறிப்பு இது. பாரம் ஏறினால் ஒரு திண்மப் பொருள் எவ்வளவு வளையும், எங்கே வெடிக்கும், எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் சொலிட் மெக்கானிக்ஸ். இந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் விண்ணப்பத்தில் தேடுவது பெறுபேறு மட்டுமல்ல. ஒரு சின்னக் கணக்கையாவது கையால் போட்டு, கொம்பியூட்டரில் போட்டு, அளந்தும் பார்த்து, மூன்றும் ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் அவர் தேடுகிறார். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

300 மில்லிமீற்றர் இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுங்கள். ஒரு முனையை மேசையோடு ஜீ கிளாம்ப் போட்டு இறுக்கி, 250 மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். நுனியில் 50 கிராம் படி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அகலம் 25, தடிப்பு 1 மில்லிமீற்றர் என்றால், இரண்டாம் திருப்பம் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) அகலத்தைத் தடிப்பின் மும்மடியால் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) பெருக்கி 12 ஆல் வகுப்பது, அதாவது 2.08. உருக்கின் யங் மட்டு, அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், 200 ஜிகாபஸ்கால் என்று எடுத்தால், பாரம் தர நீளத்தின் மும்மடி, கீழே மூன்று தர யங் மட்டு தர இரண்டாம் திருப்பம் என்ற சூத்திரப்படி நுனி 6.1 மில்லிமீற்றர் இறங்கவேண்டும். நீளம் 200 என்றால் 3.1, 150 என்றால் 1.3.

அளந்தால் இந்த எண் அப்படியே வராது. ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. முதல் சந்தேகம் தடிப்பில். கணக்கில் அது மும்மடியாக நிற்பதால், 1.0 என்று நினைத்த தகடு உண்மையில் 0.9 ஆக இருந்தால் இறக்கம் 37 வீதம் கூடிவிடும். அடிமட்டத்தின் தடிப்பை இன்னொரு அடிமட்டத்தால் அளக்கவே கூடாது. உயர்தர ஆய்வுகூடத்தில் இருக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியால் ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அடுத்தது பிடிமானம். சூத்திரம் முனை அசையாது என்று எண்ணுகிறது. மரமேசை நசியும், கிளாம்ப் கொஞ்சம் சுழலும், ஆகவே அளந்த இறக்கம் கூடுதலாகவே வரும். மூன்று நீளங்களிலும் அளந்து, இறக்கத்தின் கனமூலத்தை நீளத்துக்கு எதிரே வரையுங்கள். கோடு பூச்சியத்தில் தொடங்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வெட்டினால், கிளாம்ப் எத்தனை மில்லிமீற்றர் நீளத்தைக் கூட்டிவிட்டது என்று அந்த வெட்டு கிட்டத்தட்டச் சொல்லிவிடும். தகட்டின் சொந்தப் பாரத்தால் வரும் வளைவையும் மறக்கவேண்டாம்: படி தொங்கவிடுமுன் ஒரு வாசிப்பு, விட்ட பிறகு ஒன்று, வித்தியாசம்தான் விடை.

இனி அதே தகட்டைக் கொம்பியூட்டரில் போடுங்கள். பொருளைச் சின்னக் கூறுகளின் வலையாகப் பிரிக்கும் ஜீமெஷ், அந்த வலையில் கணக்குப் போடும் கல்குலிக்ஸ் இரண்டும் இலவசம், பழைய மடிகணினியிலும் ஓடும். கல்குலிக்ஸுக்கு அலகு தெரியாது. நியூற்றன், மில்லிமீற்றர் என்று தொடங்கினால் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) மெகாபஸ்காலில் வரும், அடர்த்தியைத் தொன்னில் கொடுக்கவேண்டும். உருக்குக்கு அது கன மில்லிமீற்றருக்கு 0.00000000785 தொன். இங்கே 7850 என்று அடித்துவிட்டுச் சொந்தப் பாரக் கணக்கில் திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். பலர் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், வலையில் எட்டு முனை கொண்ட சாதாரணக் கனக்கூறு. மெல்லிய தகட்டின் தடிப்புக்கு அப்படி ஒரு வரிசை மட்டும் வைத்தால், வளையத் தெரியாமல் விறைத்துப்போய் இறக்கத்தை மிகக் குறைவாகக் காட்டும். இருபது முனைக் கூறுக்கு மாறுங்கள். பிறகு வலையை மூன்று தடவை நுணுக்கி, விடை மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறக்கம் நிற்கும். ஆனால் கூரான உள்மூலை உள்ள பொருள் என்றால், அந்த மூலையில் தகைப்பு, நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை அறிக்கையில் உச்சத் தகைப்பு என்று எழுதினால், வாசிக்கும் பேராசிரியருக்கு உங்கள் அடிப்படை எவ்வளவு என்று உடனே விளங்கிவிடும்.

இவ்வளவையும் நான்கு பக்கத்தில், மூன்று வரைபடத்தோடு எழுதுங்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கும் இதே ஒழுங்குதான்.

தலைப்பை ஊரிலேயே எடுக்கலாம். நாவலடியிலும் காத்தான்குடிக் கரையிலும் உப்புக்காற்று பட்ட கொங்கிறீட் தூண்கள் கம்பி நெடுக வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ள, இழுவையில் பலவீனமான கொங்கிறீட் பிளக்கும். கொங்கிறீட்டின் இழுவைப் பலம் அமுக்கப் பலத்தின் பத்திலொரு பங்கு அளவுதான். 'கரையோரக் கட்டிடங்களில் அரிப்பு' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. '12 மில்லிமீற்றர் கம்பி, 25 மில்லிமீற்றர் மூடுகை (கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீட்டின் தடிப்பு) என்றால் துரு எத்தனை மைக்கிரோன் ஆகும்போது வெடிப்பு வெளியே தெரியும்' என்பது ஆய்வுக் கேள்வி.

எங்கே விண்ணப்பிப்பது? அமெரிக்காவில் பல துறைகள் இளமானிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கும். கட்டண விலக்கும் மாத உதவிப்பணமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பரில். ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற இடங்களில் கலாநிதி ஆய்வு என்பது விளம்பரம் செய்யப்படும் சம்பள வேலை, பொதுவாக முதுமானி கேட்பார்கள். ஜப்பானுக்குத் தூதரகம் வழியாக அரசாங்கப் புலமைப்பரிசில் உண்டு.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டவேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையாக வாசித்து, அதில் ஒரு அனுமானத்தைப் பற்றி ஒரு கேள்வி. நீங்கள் செய்த கணக்கு பற்றி இரண்டு வரி. அந்த நான்கு பக்கம் இணைப்பில். பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பும் கடிதம் திறந்தவுடனேயே தெரிந்துவிடும். பத்துப் பேருக்கு எழுதினால் போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு 'ஒழுக்கமான மாணவர்' என்பதற்குமேல் எழுத ஒன்றும் இராது.

உள்ளூரில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டு வெளிநாடு போவதும் நல்ல வழி. ஆனால் சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுப்பவர் திரும்பிவந்து குறித்த காலம் சேவை செய்வதாக ஒப்பந்தமும், பிணையாளர்களின் கையெழுத்தும் கொடுக்கவேண்டும். நிபந்தனையை மீறினால் பிணை நின்றவரிடமும் பணம் கேட்பார்கள். மாமாவையோ அண்ணனையோ கையெழுத்துக்குக் கூட்டிப்போகுமுன், அந்தப் பத்திரத்தை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.