கடலோரக் காப்பகத்தில் நடைப்பயணம்: திட்டமிடும்போதே நடக்கும் தவறுகள்

வானிலை பார்ப்பார்கள், வண்டி நிறுத்த இடம் பார்ப்பார்கள். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை மட்டும் பலர் பார்ப்பதில்லை. போகும்போது அகலமாகக் கிடந்த மணல் திரும்பும்போது தண்ணீருக்குள் இருக்கும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை என்றால் ஒதுங்கவும் இடம் கிடையாது.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி வற்றும். ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போய் வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

இன்னொன்று, ஏற்றம் சீராக வராது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயர்வில் 12-ல் ஒரு பங்குதான் வரும். மூன்றாம், நான்காம் மணிகளில் தலா 3 பங்கு. மொத்த உயர்வு 3 மீட்டர் என்றால் முதல் மணியில் 25 செ.மீ., மூன்றாம் மணியில் 75 செ.மீ. 50 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் தட்டை மணலில், அந்த 75 செ.மீ. நீர்விளிம்பை 37 மீட்டருக்கு மேல் உள்ளே கொண்டுவந்துவிடும். ‘ஒரு மணி நேரமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

எனவே பயண நேரத்தை வற்றத்திலிருந்து கணக்கிடுங்கள். நீர் மிகவும் வற்றியிருக்கும் நேரம் 10 மணி என்றால் 8 மணிக்குக் கிளம்பி, 10-க்கு முன்பே திரும்பத் தொடங்குவது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். அட்டவணை கணிப்பு மட்டுமே: காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும், கரை நோக்கி வீசும் காற்று இன்னும் ஏற்றும்.

தூரத்தைச் சாலைக் கணக்கில் போடுவது அடுத்த தவறு. இளகிய மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகும். ஈரம் காயாத இறுகிய மணலில் நடங்கள், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டாமல். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையை வைத்துக்கொண்டால் களைத்த கால்களுக்கு நிம்மதி.

வியர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் தாகம் பிடிபடாது. மணிக்கு அரை லிட்டராவது கணக்கு வையுங்கள், வெயிலில் இன்னும் கூடுதலாக. வழியில் ஓடை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். கடலருகே அது உப்பாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் சாதாரண வடிகட்டியில் ஊற்றினாலும் உப்பு போகாது.

மணல்மேட்டில் குறுக்கு வழி போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அங்கே வளரும் புல்தான். அது மிதிபட்டுச் செத்தால் காற்று மேட்டையே கரைக்கும். கூடு கட்டும் பருவத்தில் சில பாதைகள் மூடப்படும், அதையும் முன்பே விசாரியுங்கள். கடற்கரைப் பறவைகள் பல, மணலில் சின்னப் பள்ளம் பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிடும். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் கூடோ குஞ்சோ மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் துரத்தாமல், காலடியைப் பார்த்தபடி வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

பாறை மறைவில் செல்போன் சிக்னல் எடுக்காமல் போகலாம். பாதை, திரும்பும் நேரம், அன்றைய ஏற்ற நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.