ஸ்டேஷன்ல சொன்னது செல்லாது, எடுத்துக் குடுத்தது செல்லும்: போலீஸ் கேஸ்ல நிறைய பேர் பண்ற தப்புகள்

"போலீஸ்கிட்ட சொன்னதெல்லாம் கோர்ட்ல செல்லாதுப்பா, இப்போதைக்கு ஒத்துக்கிட்டு அடி வாங்காம வெளிய வா, அப்புறம் வக்கீல் பாத்துக்குவாரு." இந்த அட்வைஸை டீக்கடைல இருந்து சொந்தக்கார மாமா வரைக்கும் எல்லாரும் குடுப்பாங்க. முழுப் பொய்யா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க, இதுல பாதி சரி, அதனாலதான் ஆளை கவுக்குது.

சரியான பாதி எதுன்னா, பழைய சாட்சியச் சட்டத்துல 25, 26, 27னு மூணு பிரிவு இருந்துச்சு, 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டத்துல (பிஎஸ்ஏ) அது மூணும் சேந்து பிரிவு 23 ஆயிருச்சு. போலீஸ் அதிகாரிகிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரா நிரூபிக்க முடியாது, கஸ்டடில இருக்கும்போது வேற யார்கிட்ட சொல்லிருந்தாலும் மாஜிஸ்ட்ரேட் நேர்ல இல்லாட்டி அதுவும் முடியாது. இதுவரைக்கும் மாமா சொன்னது கரெக்ட்.

ஆனா அதே பிரிவோட வால்ல ஒரு விதிவிலக்கு இருக்கு. நீங்க சொன்னதை வச்சு ஒரு பொருள் கிடைச்சிருச்சுன்னா, அந்தப் பொருளைக் காட்டிக் குடுத்த வாக்கியம் மட்டும் சாட்சியா உள்ள வரும். "நான்தான் குத்துனேன், குத்துன கத்தியை பம்புசெட் கிணத்துல போட்டிருக்கேன், வந்தா எடுத்துக் காட்டுறேன்"னு சொன்னதா எழுதிருக்குன்னு வைங்க. குத்துனேன்ங்கறது போயிரும், குத்துன கத்திங்கறதுல 'குத்துன'ங்கறதும் போயிரும் (அப்போ நமக்கு உச்சபட்ச கோர்ட்டா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் 1946லயே புலுக்குரி கோட்டையா கேஸ்ல இதை வெட்டிப் பிரிச்சுக் காட்டிருச்சு), ஆனா கிணத்துல போட்டிருக்கேன் எடுத்துக் காட்டுறேன்ங்கறது நிக்கும். நம்ம ஊரு குற்றப்பத்திரிகைல "ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி"ன்னு ஒரு ஆவணம் வரும் பாருங்க, அது இதான். கீழ சாட்சியா பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்து போட்டிருப்பாங்க. கத்தி நெஜமாவே நீங்க காட்டித்தான் கிடைச்சுதா, இல்ல முன்னாடியே எடுத்து வச்சிருந்ததுக்கு நீங்க கையெழுத்து போட்டீங்களாங்கறதுலதான் பாதி கேஸ் ஓடும். அதனால வெறுந்தாள்ல, படிச்சுக் காட்டாத தாள்ல, நீங்க போகாத இடத்துல எடுத்ததா எழுதுன மகஜர்ல (பொருளைக் கைப்பத்தினதுக்கு எழுதற ஆவணம்) கையெழுத்து போடுறதுதான் என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய தப்பு. மிரட்டி வாங்கிட்டாங்கன்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிக்கிற அன்னிக்கே அதைச் சொல்லிருங்க, ஒரு வருஷம் கழிச்சு ட்ரையல்ல சொன்னா எடுபடுறது கஷ்டம்.

வி.ஏ.ஓ. பத்தி இன்னொரு விஷயம். போலீஸ் தேடுதுன்னு பயந்து வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய் நடந்ததைச் சொல்லிட்டா சேஃப்னு ஒரு நினைப்பு இருக்கு. அவரு போலீஸ் கிடையாது, அதனால அவர்கிட்ட சொன்னதுக்கு அந்தத் தடையே வராது. சிவகுமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் வி.ஏ.ஓ. முன்னாடி குடுத்த வாக்குமூலத்தை ஏத்துக்கிச்சு. முன்ன பின்ன தெரியாத வி.ஏ.ஓ.கிட்ட ஒருத்தன் ஏன் தானா போய் கொலையை ஒத்துக்கணும்னு கோர்ட் சந்தேகப்பட்ட கேஸும் இருக்கு, ஆனா அந்தச் சந்தேகத்தை நம்பி நீங்க போய் வாயைத் தொறக்க வேணாம்.

அடுத்து, "நான் தப்பு பண்ணல, நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன், அப்படியே எழுதிக்கட்டும்"ங்கற நம்பிக்கை. எழுதுறது நீங்க இல்லையே. ராஜீவ் காந்தி கொலை வழக்குல மாட்டுன பேரறிவாளன் கேஸை யோசிச்சுப் பாருங்க. தடாங்கற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல எஸ்.பி. ரேங்க்ல இருக்கறவர் பதிவு பண்ற வாக்குமூலம் செல்லும்னு தனி விதி இருந்துச்சு. பேரறிவாளன் 9 வோல்ட் பேட்டரி ரெண்டு வாங்கிக் குடுத்ததா அதுல இருந்துச்சு. எதுக்குன்னு தெரியாமதான் வாங்கிக் குடுத்தேன்னு அவரு சொன்ன வரியை நான் எழுதலன்னு பதிவு பண்ண அதிகாரியே ரிட்டயர் ஆனப்புறம் 2013ல வெளிப்படையா சொன்னாரு. 1999ல சுப்ரீம் கோர்ட் தடா குற்றச்சாட்டையே தள்ளிருச்சு, ஆனா தடால வாங்குன வாக்குமூலத்தை மட்டும் வச்சுக்கிச்சு! 2022 மே மாசம்தான் ஆளு விடுதலை ஆனாரு. ஒரு வரிங்க.

சாட்சியா கூப்பிட்டாலும் இதே கவனம் வேணும். விசாரணைல போலீஸ் எழுதுற உங்க வாக்குமூலத்துல நீங்க கையெழுத்து போடக் கூடாதுன்னு பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 181 நேரடியாவே சொல்லுது, போலீஸ் கேட்டா இதை மரியாதையா ஞாபகப்படுத்தலாம். உங்களையே குற்றத்துல மாட்டி விடுற கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியதில்ல, அரசியல் சாசனம் 20(3) அதுக்குத்தான் இருக்கு. ஆனா அதை ரொம்ப நீட்டிக்காதீங்க. கைரேகை, கையெழுத்து மாதிரி குடுக்க மாட்டேன்னு 20(3)ஐ காட்டுனா நடக்காது, 1961லயே 11 நீதிபதிகள் பெஞ்ச் அது தனக்கு எதிரா சாட்சி சொல்றதாகாதுன்னு முடிச்சிருச்சு. நார்கோ டெஸ்ட், பொய் கண்டறியும் டெஸ்ட் ரெண்டையும் உங்க சம்மதம் இல்லாம பண்ண முடியாது, இது 2010 செல்வி தீர்ப்பு. "நான் நிரபராதி, டெஸ்டுக்கு ரெடி"ன்னு வீராப்பா சம்மதிக்கறதும் தேவையில்லாத வேலை, ஏன்னா அந்த ரிசல்ட் உங்களுக்கு சாதகமா சாட்சியாகாது, அதுல இருந்து ஏதாவது பொருள் கிடைச்சா மட்டும் முன்னாடி சொன்ன வால் வழியா உள்ள வந்துரும்.

சோதனை விஷயத்துல நாம இங்கிலீஷ் படம் பாத்து கெட்டுப் போயிருக்கோம். வாரண்ட் எங்கன்னு கேட்டா போலீஸ் திரும்பிப் போயிரும், சட்டவிரோதமா எடுத்த சாட்சி செல்லாதுன்னு ஒரு நினைப்பு. அமெரிக்கால 1961 மாப் தீர்ப்புக்கப்புறம் பெரும்பாலும் அப்படித்தான், இங்க இல்ல. வாரண்ட்டுக்கு போனா பொருள் கைமாறிரும்னு நினைச்சா விசாரணை அதிகாரி காரணத்தை எழுதி வச்சுட்டு நேரா உள்ள வரலாம், பிஎன்எஸ்எஸ் 185. முறை தவறி சோதனை பண்ணிருந்தாலும் கிடைச்ச பொருள் கேஸுக்கு சம்பந்தப்பட்டதுன்னா சாட்சியா ஏத்துக்கலாம்னு 1973 பூரன் மல் தீர்ப்பு சொல்லுது, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல 9 நீதிபதிகள் சொன்னப்புறமும் இந்த விதி போயிரல. எனக்கு இது பிடிக்கல, ஆனா நெலம இதான்.

அதனால கதவை மறிச்சுக்கிட்டு சண்டை போடாதீங்க, அரசு ஊழியரைத் தடுத்தார்னு தனி கேஸ் வரும். கூடவே நின்னு பாருங்க, அது உங்க உரிமை. சாட்சிகள் அந்த ஏரியால மதிக்கத்தக்க ரெண்டு பேரா இருக்கணும். இப்போ சோதனை, லிஸ்ட் எழுதறது, சாட்சி கையெழுத்து போடறது எல்லாத்தையும் வீடியோ எடுக்கணும்னு பிஎன்எஸ்எஸ் 105ல இருக்கு. வீடியோ எடுக்கறாங்களான்னு கேளுங்க, எடுக்கலன்னா நேரத்தோட குறிச்சு வைங்க. எடுத்த பொருள் லிஸ்ட்டுக்கு காப்பி கேட்டு வாங்குங்க.

கஞ்சா மாதிரி போதைப்பொருள் கேஸ்ல உடம்பு சோதனைக்கு மட்டும் கணக்கு வேற. மாஜிஸ்ட்ரேட் இல்லாட்டி கெஜட்டட் ஆபீசர் முன்னாடி சோதனை பண்ணச் சொல்ல உரிமை இருக்குன்னு முதல்லயே உங்ககிட்ட சொல்லணும், சொல்லலன்னா உடம்புல கிடைச்சதை வச்சு தண்டிக்க முடியாது. "பரவால்ல சார், நீங்களே பாருங்க"ன்னு எழுதிக் குடுக்கறவங்கதான் அதிகம். நீங்க வச்சிருக்கற பையைச் சோதனை பண்றதுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த மாதிரி கேஸ்ல என்சிபி (மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) அதிகாரிகிட்ட குடுத்த வாக்குமூலமும் போலீஸ்கிட்ட குடுத்தது மாதிரியே செல்லாதுன்னு 2020ல தீர்ப்பாச்சு, சென்னைல பிடிச்ச ஒரு ஹெராயின் கேஸ்தான் அது, தூஃபான் சிங்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி பதிவு பண்ற ஒப்புதல் வாக்குமூலம் (பழைய சிஆர்பிசி 164, இப்போ பிஎன்எஸ்எஸ் 183) முழுசா செல்லும். அங்க வேணாம்னு சொன்னா திரும்ப அதே போலீஸ்கிட்ட அனுப்பிருவாங்கங்கற பயத்துலதான் நிறைய பேர் தலையாட்டுறாங்க. வேணாம்னு சொன்னா போலீஸ் கஸ்டடிக்கு அனுப்பக் கூடாதுன்னு அதே பிரிவுலயே போட்டிருக்கு.

ரிமாண்ட் அன்னிக்கு "அடிச்சாங்களா?"ன்னு கேக்கும்போது பக்கத்துல நிக்கற ஏட்டய்யாவைப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிராதீங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்த கதை எத்தனை கை காலுக்கு சொல்லிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். காயத்தைக் காட்டி பதிவு பண்ணச் சொல்லுங்க. கைதுக்கு காரணம் தெரிவிக்கலன்னா அதையும் சொல்லுங்க, அப்படிப்பட்ட கைதே செல்லாதுன்னு 2025 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாசம் வைக்கணும், வசதி இல்லன்னா ஒரு வருஷமாவது வைக்கணும்னு 2020 டிசம்பர் உத்தரவு இருக்கு, அதனால தேதி நேரம் போட்டு பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி வக்கீல் மூலமா சீக்கிரமே மனு போட்ருங்க. அன்னிக்கு கேமரா ஒர்க் ஆகலன்னு பதில் வந்தா அதை எழுத்துல வாங்கி வைங்க, குறுக்கு விசாரணைல அதுக்கும் வேலை இருக்கு.