பழைய அவுட்போர்டு எஞ்சினா? கார்புரேட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

படகோடு சேர்ந்து வந்த பழைய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டுவது) முதல் நாளே மக்கர் செய்தால், புதிதாகப் படகு வாங்கியவர் பெரும்பாலும் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் படுகிற திருகாணியை எல்லாம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பும். பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் திணறித் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடியும் ஓடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதிலேயே இரண்டு வார விடுமுறை போனது. கடைசியில் ஒரு நாள் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடியின் மேல் இருக்கும் சின்னக் காற்றுத் திருகை நான் திறக்கவே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லாமல், டேங்கிலிருந்து எஞ்சினால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், எஞ்சினுக்கு வெளியே இருப்பதை முதலில் பாருங்கள். கில் சுவிட்சின் கிளிப் (எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும்) அதன் இடத்தில் இருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பெட்ரோல் ஹோஸ் இரண்டு முனையிலும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதா? ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். ஹோஸ் மாற்றும்போது இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பல்பைப் பிடித்து, கெட்டியாகும் வரை அமுக்குங்கள். எத்தனை தடவை அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால், எங்கோ காற்று புகுகிறது, இல்லையேல் பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது.

இந்தப் பல்பு நல்ல சோதனைக் கருவியும்கூட. ஓட்டத்தில் எஞ்சின் திணறத் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவரை அதை அமுக்கச் சொல்லுங்கள். உடனே எஞ்சின் உயிர் பெற்றால், பெட்ரோல் வந்து சேருவதில்தான் சிக்கல்: ஹோஸ், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் இவற்றில் ஒன்று. அமுக்கியும் மாற்றமில்லை, ஆனால் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சீராகிறது என்றால், அப்போது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

டேங்கில் பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற பெட்ரோலை நம்புவது அடுத்த தவறு. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய்ப் பிசின்போல ஜெட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்; ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தாலோ, வார்னிஷ் மாதிரி புளித்த வாடை அடித்தாலோ, அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஆயில் கலக்கும் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற குறியீடு இருக்க வேண்டும். பைக்குக்கு வாங்கி மிச்சமிருக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் வேண்டாம். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. இது தண்ணீரில் குளிரும் எஞ்சின்.

இனி சொல்லப்போவது எஞ்சினையே காவு வாங்கும் தவறு. ‘ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்ப்போம்’ என்று தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. கீழே கியர் பெட்டிக்கு மேல் தண்ணீர் பம்ப் இருக்கிறது. அதற்குள் சுற்றுவது ஒரு ரப்பர் இம்பெல்லர். அதன் இதழ்களுக்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் சூடேறிக் கருகத் தொடங்கும். இதழ் பிய்ந்தால் அந்தத் துண்டு குளிரூட்டும் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு எதுவும் தெரியாது. கரையிலிருந்து வெகுதூரம் போனபின் எஞ்சின் கொதிக்கும்போதுதான் தெரியும். அதனால் ஒரு டிரம்மில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். அல்லது அந்தத் துளைகளில் காதுமூடி மாதிரி மாட்டும் ஃபிளஷ் மஃபைப் போட்டு, குழாயைத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் புகை ஆளையே வீழ்த்திவிடும்.

ஓடும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அதில் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். அது வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஆனால் நிறுத்திய கையோடு பம்பைப் பிரிக்க உட்கார வேண்டாம். அந்தத் துளையில் மண்ணோ, பூச்சிக் கூடோ, உப்போ அடைத்திருக்கலாம். தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெல்லக் குடைந்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் இம்பெல்லரை மாற்றுங்கள். உண்மையில், பழைய எஞ்சின் கைக்கு வந்ததும், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாத பட்சத்தில், முதல் வேலையாகவே மாற்றிவிடுவேன்.

ஸ்பார்க் பிளக் விஷயத்தில், கழற்றியதும் துடைத்துவிடுகிறார்கள். துடைப்பதற்கு முன் பாருங்கள், எந்த சிலிண்டருடையது என்று குறித்தும் வையுங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. அல்லது சோக் அதிகமாகிவிட்டது. பல தடவை இழுத்தும் காய்ந்தே இருந்தால், பெட்ரோல் வரவே இல்லை. தண்ணீர்த் துளி இருந்தால் நிலைமை வேறு. அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்துவிடுங்கள்: சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கார்புரேட்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் இன்னும் நல்லது.

ஒரே நாளில் பிளக், ஃபில்டர், பெட்ரோல், காயில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. புதுக் கோளாறு வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லரைப் பாருங்கள். சிறிய எஞ்சின்களில், புரொப்பல்லர் எதிலாவது மோதினால் தானே உடையும்படி வைத்த ஷியர் பின் உடைந்திருக்கும். பெரியவற்றில் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கியிருக்கும். கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றியதும் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அந்த நரம்புதான் ஆயில் சீலை அறுத்து, கியர் பெட்டிக்குள் தண்ணீரை விடுகிறது. கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு ஆயிலை விரலில் எடுங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் மாற்றும்வரை படகை இறக்க வேண்டாம். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, நிரம்பிவிட்டது போலத் தெரியும், நிரம்பியிருக்காது.