இடமாற்றப் பட்டியலும் என் அவசரமும்

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் சபையின் மிஷன் அலுவலகத்தில் (சமயப் பணிக்கு வரும் மிஷனரிகளை நிர்வகிக்கும் இடம்) மூத்த மிஷனரியாகச் சேர்ந்தேன். 6 வாரத்துக்கு ஒருமுறை வரும் மிஷனரிகளின் இடமாற்றப் பட்டியல் என் பொறுப்பு. மார்ச் 4-இல் வரவேண்டியவர் அதில் ஏப்ரல் 3 என்று இருந்தார். எல்லோரும் அல்ல, சிலர் மட்டும்.

பட்டியல் தயாரித்த இளம் எல்டர்தான் (ஆண் மிஷனரியை அப்படித்தான் அழைப்போம்) தப்பாகத் தட்டிவிட்டார் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். எக்செலில் தேதி வடிவத்தை மாற்றிப் பார்த்தேன். கையாலும் திருத்தினேன், மறுநாள் புதுக் கோப்பு, பழைய பிழை.

நாலாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மவுஸைப் பிடுங்காமல், கடைசிவரை பார்த்தேன். அது எனக்குச் சுலபமில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது: 13 முதலான தேதிகள் கட்டத்தின் இடது ஓரம், 12 வரை உள்ளவை வலது ஓரம். கணினி மாதத்தை முதலில் வாசிக்கிறது! பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் மற்றதை வெறும் எழுத்தாக விட்டிருக்கிறது.

கணினியின் வட்டார அமைப்பில் நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றி, மூல சிஎஸ்வி கோப்பை (தரவு வெறும் எழுத்தாகவே இருக்கும் கோப்பு) மறுபடி திறந்தோம். சரியாகிவிட்டது. ஏற்கெனவே சேமித்த எக்செல் கோப்பு மட்டும் தானாகத் திருந்தாது. அப்புறம் எல்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.